இருபத்து நான்கு மெஷினும் ஒரு நாற்பது பக்க நோட்டும்

திருப்பூர் போயம்பாளையத்தில் இருபத்து நான்கு மெஷின் போட்டு ஜாப் ஒர்க், அதாவது பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கிறேன். செக்கிங், அயர்னிங், கைமடி (டெய்லருக்குத் துணி மடித்துக் கொடுக்கும் வேலை) எல்லாம் சேர்த்து முப்பத்தியொரு பேர். பதினாறு வயதில் நானே கைமடிக்கப் போனவள்தான். அப்புறம் ஓவர்லாக் மெஷின் பழகி, பதினெட்டு வருஷம் அடுத்தவர் மெஷினில் உட்கார்ந்திருக்கிறேன். அதனால் இங்கே எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள், மேடம் என்று கூப்பிட்டால் யாரோ பையரின் (சரக்கு வாங்கும் கம்பெனியின்) ஆள் வந்திருக்கிறார் என்று திரும்பிப் பார்ப்பேன்.

என்னைப் போல இருபது முப்பது பேரை வைத்து வேலை வாங்குகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். சம்பளம் குறைவான தொழில் இது. சட்டம் வரட்டும், திட்டம் வரட்டும், பெரிய கம்பெனி ரேட் ஏற்றட்டும் என்று காத்திருக்காமல், நாமே நம் கட்டடத்துக்குள் செய்யக்கூடியவை என்னென்ன என்பதுதான் விஷயம். ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். குறைந்தபட்சக் கூலி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. இவற்றையெல்லாம் ஏமாற்றிவிட்டுத் தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் கொடுப்பவர்கள் இதைப் படித்துப் பயனில்லை. பத்துப் பேர் இருந்தாலே இ.எஸ்.ஐ., இருபது பேர் என்றால் பி.எஃப். அதைக் கட்டிவிட்டு வாருங்கள், மீதியைப் பேசலாம்.

என்றைக்குக் காசு இல்லாமல் போனது என்று கேளுங்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று வாங்குங்கள். ஒவ்வொருவரையும் டீ நேரத்தில் தனியாக உட்கார வைத்து, "உனக்கு என்ன வேணும்?" என்று கேட்காதீர்கள். அப்படிக் கேட்டால் "சம்பளம் ஏத்திக் குடுங்கக்கா" என்பார்கள், இல்லாவிட்டால் "ஒண்ணும் வேண்டாங்க" என்று சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். "போன மூணு மாசத்துல என்னைக்குக் கையில காசு இல்லாம நின்ன? அன்னைக்கு என்ன பண்ணுன?" என்று கேளுங்கள். தேதியையும் செய்ததையும் மட்டும் எழுதிக்கொள்ளுங்கள்.

நான் எழுதியதில் பாதிக்கு மேல் வெள்ளிக்கிழமைகள். எங்கள் ஊரில் வாரச் சம்பளம், சனிக்கிழமை போடுவோம். வியாழன் இரவோடு கை காலி. வெள்ளிக்கிழமை குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் தண்டல்தான், தினமும் வந்து வசூலிக்கும் வட்டிக் கடன். மிச்சமெல்லாம் ஜூன் மாதத்தில் இருந்தன: ஸ்கூல் ஃபீஸ், நோட்டு, யூனிஃபார்ம் தையல் கூலி. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் புரிந்தது. இவர்களுக்குப் பணம் குறைவாக வருவது ஒரு கஷ்டம், தேவைப்படும் நாளில் வராமல் போவது இன்னொரு கஷ்டம். முதலாவதைத் தீர்க்க என் கையில் இருப்பது கொஞ்சம்தான். இரண்டாவது முழுக்க என் கையில் இருந்தது, இத்தனை வருஷமாக நான் அதைக் கவனிக்கவில்லை.

தண்டல் கணக்கை ஒரு தடவை போட்டுப் பாருங்கள். பத்தாயிரம் என்று பேர். பிடித்தம் போகக் கையில் கொடுப்பது 8,500. தினம் 100 ரூபாய் வீதம் 100 நாள் கட்ட வேண்டும். நூற்றுக்குப் பதினைந்துதானே என்று தோன்றும். ஆனால் முதல் நாளிலிருந்தே அசல் கரைந்துகொண்டு வருகிறது. அந்த நூறு நாளில் சராசரியாக அவள் கையில் நிற்பது நாலாயிரத்து ஐந்நூறு போலத்தான். அதற்கு 1,500 ரூபாய் வட்டி, மூன்றே கால் மாதத்துக்கு. அதாவது மாதம் பத்து வட்டி. தேனியிலிருந்து வந்த ஓவர்லாக் டெய்லர் ஒருத்தி இப்படி இரண்டு தண்டல் ஒரே நேரத்தில் கட்டிக்கொண்டிருந்தாள். சாயங்காலம் ஐந்தரைக்குத் தண்டல்காரரின் எக்ஸ்எல் வண்டி கேட்டுக்கு வெளியே நிற்கும். அவள் பின்பக்கம் பாத்ரூமுக்குள் போய் நின்றுகொள்வாள். ஒரு நாள் ஷிப்ட் சம்பளம் ஐந்நூறு ரூபாயில் இருநூறு அந்த வண்டியில் போய்க்கொண்டிருந்தது. நான் அவளுக்கு ஷிப்டுக்கு இருபது ரூபாய் ஏற்றியிருந்தால் அதுவும் அந்த வண்டியில்தான் போயிருக்கும்.

சம்பளம் சனிக்கிழமை நாலரைக்கு, ஒன்பதுக்கு அல்ல

இதுதான் முதலில் செய்ய வேண்டியது. இதுதான் கஷ்டமும். நானும் சனிக்கிழமை இரவு ஒன்பது மணிக்குத்தான் கொடுத்துக்கொண்டிருந்தேன். கம்பெனியிலிருந்து செக் வரவில்லை, அக்கவுண்ட்ஸ் ஆள் இல்லை என்று சில வாரம் பாதிச் சம்பளம், "மீதி திங்கக்கிழமை". ஒன்பது மணிக்கு வாங்குகிறவன் அந்தப் பணத்தோடு எங்கே போக முடியும்? மளிகைக் கடையெல்லாம் சாத்தியிருக்கும். திறந்திருக்கும் கடை எதுவென்று உங்களுக்கே தெரியும்.

இதற்குத் தனியாக இரண்டு வாரச் சம்பளம் பேங்கில் கிடக்க வேண்டும். எனக்கு வாரம் எண்பதாயிரம், ஆகவே 1,60,000. ஒரே நாளில் புரட்ட முடியாது. வரும் ஒவ்வொரு பில்லிலும் நூற்றுக்கு மூன்று ரூபாய் எடுத்து வேறொரு அக்கவுண்டில் போட்டேன். மாதம் ஐந்து லட்சம் பில் என்றால் பதினைந்தாயிரம். பதினோரு மாதம் ஆனது. நடுவில் ஒரு தடவை கரண்ட் பில்லுக்காகக் கை வைத்துவிட்டு, திரும்பப் போட இரண்டு மாதம் இழுத்தேன். அந்த அக்கவுண்டின் ஏ.டி.எம். கார்டை உங்களிடம் வைத்துக்கொள்ளாதீர்கள். என்னுடையது என் அம்மாவின் பீரோவில் இருக்கிறது. அவரிடம் கேட்டு வாங்குவதைவிடக் கரண்ட் ஆபீஸில் கெஞ்சுவது சுலபம்.

இப்போது சனிக்கிழமை மாலை டீயோடு சம்பளம். கம்பெனி பணம் எப்போது வந்தாலும் சரி.

பீஸ் ரேட்டில், அதாவது ஒரு பீஸுக்கு இவ்வளவு கூலி என்று தைப்பவர்களுக்கு இன்னொன்று. ஆளுக்கு ஒரு பாக்கெட் நோட்டு கொடுத்து, பண்டல் முடிந்ததும் அவர்களே எண்ணிக்கையை எழுதி, செக்கிங்கில் கையெழுத்து வாங்கச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் கோடு போடட்டும். ஒடியாப் பையன்கள் இருவர் தினமும் பக்கத்தைப் போனில் போட்டோ எடுத்துக்கொள்கிறார்கள். சனிக்கிழமைச் சண்டை முக்கால்வாசி நின்றுவிட்டது. ஆல்டர் (தப்பாகத் தைத்தது திரும்பி) வந்தால் தைத்தவரே பிரித்துத் தைத்துக் கொடுப்பார். அதற்குக் காசு பிடிக்காதீர்கள். பிடித்தால் தப்பாகத் தைத்ததைப் பண்டலுக்கு அடியில் ஒளித்து வைப்பார்கள். நானே ஒளித்து வைத்திருக்கிறேன்.

கைமாத்துப் பெட்டி

வெள்ளிக்கிழமைப் பிரச்சினைக்கு நான் செய்தது இது. முதல் போட நான் 30,000 கொடுத்தேன். ஆளுக்கு வாரம் 50 ரூபாய் அவர்கள் போடுகிறார்கள். பணம் மூன்று பேர் பேரில் பேங்கில் இருக்கிறது. மூன்று பேரும் அவர்கள் தேர்ந்தெடுத்தவர்கள், அதில் நான் இல்லை, என் தம்பியும் இல்லை. அவசரத்துக்கு ஐயாயிரம் வரை வட்டியில்லாமல் எடுக்கலாம், வாரம் 250 வீதம் இருபது வாரத்தில் கட்ட வேண்டும். யாருக்குக் கொடுப்பது என்று அந்த மூன்று பேரே முடிவு செய்கிறார்கள். அவர்கள் என்னைவிடக் கறார். குடிக்கக் கேட்கிறானா, குழந்தைக்குக் கேட்கிறானா என்று பக்கத்து மெஷின்காரிக்குத் தெரியாதா? தீபாவளிக்கு முன் அவரவர் போட்டதை அவரவர் திரும்ப எடுத்துக்கொள்வார்கள், என் முப்பதாயிரம் மட்டும் அப்படியே கிடக்கும்.

புதிதாக நான் ஒன்றும் கண்டுபிடிக்கவில்லை. அகமதாபாத்தில் 1974-ல் நாலாயிரம் பெண்கள் ஆளுக்குப் பத்து ரூபாய் போட்டு சேவா பேங்கையே தொடங்கினார்கள். காய்கறி விற்பவர்கள், துணி மூட்டை சுமப்பவர்கள், வீட்டில் உட்கார்ந்து தைப்பவர்கள். மற்ற பேங்குகள் அவர்களைப் படியேற விடாத காலம் அது. நம் பக்கத்தில் மகளிர் குழுவில் இருந்தவர்கள் எல்லோருக்கும் இந்த முறை அத்துபடி. ஆகவே கணக்கு எழுதத் தெரிந்தவர் உங்கள் யூனிட்டிலேயே இருப்பார், விசாரியுங்கள்.

மூன்று வருஷத்தில் இரண்டு பேர் கட்டாமல் போனார்கள். ஒருவன் ஊருக்குப் போய் நாலு மாதம் கழித்து மாசாமாசம் கூகுள் பேயில் அனுப்பி முடித்தான். இன்னொருத்தி போனவள் போனவள்தான், 3,500 ரூபாய். துணியில் ஒரு எண்ணெய்க் கறை பட்டு செகண்ட்ஸ் (குறையுள்ள சரக்கு) ஆனால் எனக்கு அதைவிட அதிகம் போகும்.

இங்கே ஒரு இடத்தில் ஜாக்கிரதை. அட்வான்ஸ் கொடுத்து ஆளைக் கட்டிப்போடுவது நம் தொழிலில் பழைய வியாதி. "கடனைக் கட்டிட்டுப் போ" என்று வேலையை விட்டு நிற்க விடாமல் செய்வது கொத்தடிமை முறை, 1976-லேயே சட்டம் போட்டு ஒழித்தது. அதன் இன்னொரு முகம் நம் சுற்றுவட்டார ஸ்பின்னிங் மில்களில் நடந்த சுமங்கலித் திட்டம். மூன்று வருஷம் ஹாஸ்டலில் தங்கி வேலை செய், கடைசியில் கல்யாணத்துக்கு மொத்தமாகத் தருகிறோம் என்று சின்னப் பெண்களைச் சேர்த்தார்கள். உடம்புக்கு முடியாமல் நடுவில் திரும்பியவர்களுக்கு மொத்தமும் போனது, சம்பாதித்த பணம் அது. அதனால் எங்கள் கைமாத்துப் பெட்டி நோட்டின் முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம்: கடன் பாக்கி இருந்தாலும் யார் எப்போது வேண்டுமானாலும் வேலையை விட்டுப் போகலாம், கடைசி வாரச் சம்பளம் முழுதாகக் கொடுக்கப்படும். ஆதார் ஒரிஜினலை வாங்கி டிராயரில் வைக்கும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றைக்கே திருப்பிக் கொடுங்கள். நகல் போதும்.

பாத்ரூம் சாவி

இது காசு செலவில்லாத விஷயம், ஆனால் இதைப் பற்றித்தான் எனக்கு அதிகம் சொல்லத் தோன்றுகிறது. நான் வேலை பார்த்த ஒரு கம்பெனியில் பெண்கள் பாத்ரூமுக்குப் பூட்டு இருந்தது. சாவி சூப்பர்வைசர் மேஜையில், ஒரு பெரிய மரக்கட்டையில் கோத்துக் கிடக்கும். நாற்பது ஆண்களுக்கு நடுவே அந்தக் கட்டையைத் தூக்கிக்கொண்டு நடக்க வேண்டும். அதற்குப் பயந்து காலை எட்டரையிலிருந்து தண்ணீரே குடிக்க மாட்டோம். சித்திரை வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, மோட்டார் சூட்டில். எத்தனை பேருக்கு நீர்க்கடுப்பு, எத்தனை பேருக்குக் கிட்னியில் கல். லீவு போட்டால் "பொம்பளைங்கன்னா இப்படித்தான்" என்பார்கள்.

சொந்தமாக யூனிட் போட்டதும் நானும் பூட்டுதான் போட்டேன், கேளுங்கள். யாரோ தண்ணீர்க் குழாயை உடைத்துவிட்டார்கள் என்று. ஒரு மாதம் கழித்துத் தண்ணீர் கேன் கணக்கைப் பார்த்தால், ஏப்ரலில் குறைந்திருக்கிறது. வெயில் ஏறுகிறது, தண்ணீர் செலவு குறைகிறது! அன்றைக்கே பூட்டைக் கழற்றினேன். உள்ளே தாழ்ப்பாள், லைட், மூடியோடு ஒரு குப்பை டப்பா, பக்கத்து அலமாரியில் நாப்கின். சுத்தம் செய்யத் தினமும் ஆள். இப்போதும் வெயில் காலத்தில் கேன் எண்ணிக்கையைப் பார்க்கிறேன். ஏறினால் நிம்மதி.

ஸ்டூலையும் பாருங்கள். முதுகுச் சாய்வில்லாத மர ஸ்டூலில் எட்டு மணி நேரம், ஒன்றரை ஷிப்ட் என்றால் இரவு எட்டரை ஒன்பது வரை. முதுகு வைத்த நாற்காலி வாங்க முடிந்தால் வாங்குங்கள். எனக்கு அப்போது முடியவில்லை. கட்டிங் வேஸ்ட்டை அடைத்து, செகண்ட்ஸ் துணியில் உறை தைத்து, ஆளுக்கொரு மெத்தை. அரை நாள் வேலை. குள்ளமானவர்களுக்கு மிதிக்குக் கீழே ஒரு பலகை. அவ்வளவுதான், ஆனால் மூன்று மணிக்கு மேல் எழுந்து எழுந்து முதுகை நெளிப்பது குறைந்தது.

ராத்திரி வேலையை மத்தியானமே சொல்லுங்கள்

ஷிப்மென்ட் நெருங்கினால் ஐந்து மணிக்கு வந்து "இன்னைக்கு ஒன்றரை ஷிப்ட்" என்று சொல்வது நம் வழக்கம். அந்த நேரத்தில் குழந்தையை ஸ்கூலிலிருந்து யார் கூட்டிவருவது, அடுப்பை யார் பற்றவைப்பது? திங்கட்கிழமை காலையில் வாரத்துக்கான போர்டு எழுதிவிடுங்கள். திடீரென்று வந்தால் மதியச் சாப்பாட்டுக்கு முன் சொல்லுங்கள், முடியாது என்றால் விட்டுவிடுங்கள். முடியாது என்றவர் பேரை மனதில் குறித்துவைத்து அடுத்த வாரம் பழிவாங்குவதையும் விட வேண்டும். எனக்கு அது கொஞ்ச நாள் பிடித்தது.

அரிசி மூட்டை

இது அவர்களே செய்தது, நான் ஓரமாக நின்றேன். அவர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு மூலைக் கடையில் எல்லோருக்கும் கணக்கு நோட்டு உண்டு. கடனுக்கு வாங்குவதால் விலை கேட்க முடியாது, கொடுப்பதை வாங்க வேண்டும். சம்பளம் நேரத்துக்கு வர ஆரம்பித்த பிறகு, பத்துப் பன்னிரண்டு பேர் சேர்ந்து மாதம் ஒரு தடவை மொத்தக் கடையில் ரொக்கத்துக்கு 25 கிலோ அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு எடுக்கிறார்கள். என் ஆட்டோ போகும், டீசல் என் கணக்கு.

என் தம்பி கூட்டுறவுப் பட்டயப் படிப்பு படித்தவன். இதைப் பார்த்துவிட்டு, "இது ராக்டேல் கதைக்கா" என்றான். இங்கிலாந்தில் மான்செஸ்டருக்குப் பக்கத்தில் ராக்டேல் என்ற ஊர், நம்மைப் போலவே துணி ஊர். 1844-ல் நெசவாளர்களும் மற்றவர்களுமாக 28 பேர் ஆளுக்கு ஒரு பவுண்டு சேர்த்துக் கடை வைத்தார்கள். மாவு, வெண்ணெய், சர்க்கரை, ஓட்ஸ். கடன் கிடையாது, கலப்படம் கிடையாது, லாபம் வாங்கிய அளவுக்குத் தக்கபடி வாங்கியவருக்கே. அதைப் பார்த்துத்தான் சென்னையில் 1904-ல் திருவல்லிக்கேணி நகரக் கூட்டுறவுச் சங்கம் வந்ததாம். கடன் கிடையாது என்பதுதான் எனக்குப் பிடித்தது. கையில் ரொக்கம் இருக்கும் நாளில்தான் இது நடக்கும், ஆகவே சம்பள நேரத்தைச் சரி செய்யாமல் இதில் இறங்காதீர்கள்.

நான் சறுக்கிய இடம்

ஜூன் மாதக் கஷ்டத்தைப் பார்த்து எனக்கு ஒரு யோசனை வந்தது. தீபாவளி போனஸை இரண்டாகப் பிரித்து, பாதியை மே கடைசியிலேயே கொடுத்துவிட்டால்? ஸ்கூல் செலவுக்குத் தண்டல் வாங்க வேண்டாமே. யாரிடமும் கேட்காமல் ஒரு வருஷம் கொடுத்தேவிட்டேன். வாங்கும்போது சிரித்தார்கள். தீபாவளிக்குப் பாதி போனஸ் வாங்கும்போது ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. ஊருக்கு வெறுங்கையோடு போவதா, மாமியார் வீட்டுக்கு என்ன எடுப்பது என்று சண்டை. பேட்லாக் மெஷின் டெய்லர் இரண்டு பேர் பண்டிகை முடிந்து திரும்பி வரவே இல்லை. "எங்க பணத்தை எப்ப வாங்கணும்னு நீங்க எப்படிங்கக்கா முடிவு பண்ணலாம்?" என்று செக்கிங் அம்மா ஒருத்தர் கேட்டார். அவருக்கு என்னைவிடப் பத்து வயது அதிகம், பதில் சொல்ல முடியவில்லை.

இப்போது ஏப்ரலில் ஒரு தாளைச் சுற்றுக்கு விடுகிறேன். மேயில் பாதியா, தீபாவளிக்கு முழுசா, அவரவர் டிக் அடிக்கலாம். போன தடவை ஒன்பது பேர் மே என்றார்கள், எல்லோரும் பள்ளிக்கூடப் பிள்ளை இருப்பவர்கள். மற்றவர்களுக்குத் தீபாவளிக்கு முழுசாக. நோட்டில் எழுதியதை வைத்து நாமே தீர்ப்பு எழுதிவிடக்கூடாது, கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

செலவும் வரவும்

"இதெல்லாம் பண்ணினா கட்டுப்படி ஆகுமா?" என்று பக்கத்து யூனிட்காரர்கள் கேட்கிறார்கள். மெத்தை, நாப்கின், ஆட்டோ டீசல், பாத்ரூம் ஆள் எல்லாம் சேர்த்து மாதம் ஏழாயிரம் ஆகிறது. இரண்டு வாரச் சம்பளம் சும்மா கிடப்பது தனி நஷ்டம்தான். ஆனால் எங்கள் ஊரில் தீபாவளிக்கும் பொங்கலுக்கும் அப்புறம்தான் முதலாளிகளுக்கு வயிறு கலங்கும். ஊருக்குப் போன டெய்லர் திரும்பி வருவாரா மாட்டாரா என்று தெரியாது. பாதி மெஷின் மூடிக் கிடக்கும், வாடகை மட்டும் ஓடும். போன பொங்கலுக்கு எனக்கு முப்பத்தியொரு பேரில் இருபத்தெட்டுப் பேர் சொன்ன நாளில் வந்துவிட்டார்கள். தேனிப் பெண் இரண்டு தண்டலையும் முடித்துவிட்டாள். இப்போது கைமாத்துப் பெட்டியின் மூன்று பேரில் அவளும் ஒருத்தி, இருப்பதிலேயே அவள்தான் ரொம்பக் கறார்.

சம்பளத்தை மட்டும் என்னால் நினைத்த அளவு ஏற்ற முடியவில்லை. அது கம்பெனி கொடுக்கும் பீஸ் ரேட்டில் கட்டுண்டு கிடக்கிறது. அதற்கும் ஒன்று செய்து பார்க்கிறேன். கொட்டேஷன் கொடுக்கும்போது மொத்தமாக ஒரு ரேட் எழுதாமல், நூல் இவ்வளவு, கரண்ட் இவ்வளவு, தொழிலாளர் கூலி இவ்வளவு என்று தனித்தனியாக எழுதுகிறேன். "மத்ததுல குறைங்க, கூலி வரியில கை வைக்காதீங்க" என்று சொல்லிப் பார்க்கிறேன். போன சீசனில் கம்பெனிக்காக ரேட் பேசும் மெர்ச்சன்டைசர் பையன் சிரித்துவிட்டு மொத்தத்தில் நாற்பது பைசா அடித்துவிட்டான். இதே ரோட்டில் இன்னும் ஐந்து யூனிட்காரர்களிடம் இப்படியே பிரித்து எழுதச் சொல்லியிருக்கிறேன். இரண்டு பேர் சரி என்றிருக்கிறார்கள். கோடைக்கால ஆர்டருக்கு ரேட் பேச அடுத்த புதன்கிழமை மூன்று பேரும் ஒன்றாகப் போகிறோம்.